அருவிக்கு முன்னால் நீ சொன்னது

இன்று காலை பீரோவின் அடித்தட்டில் போர்வை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். மூன்று நாளாக விடாத ஐப்பசி மழை. சுவரைத் தொட்டால் கை ஈரமாகிறது. போர்வையை இழுத்தபோது கூடவே ஒரு பிளாஸ்டிக் மடிப்பு வந்து காலடியில் விழுந்தது. சிவப்பு. ஏதோ கடைப்பை என்று நினைத்து விரித்தேன். தலைக்கு ஒரு குல்லா, கைக்கு இரண்டு ஓட்டை. நயாகரா படகில் ஏறும்போது ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்களே, அந்த மழைக்கோட்டு. உன்னுடையதா என்னுடையதா என்று தெரியவில்லை. மூக்கருகே கொண்டுபோனேன். பிளாஸ்டிக் நெடிக்குள் இன்னும் பச்சைத் தண்ணீரின் வாடை இருப்பதுபோலப் பட்டது. இரண்டு வருஷத்துக்கு மேலாகிவிட்டது, இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தவள் உனக்கு எழுதவும் ஆரம்பித்துவிட்டேன்.

இன்றைக்கு எனக்கு வேறு எதிலும் மனம் ஒட்டாது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

காரைக்குடி தொலைபேசி நிலையத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பழகியவர்கள் நாம். வயதில் நீ எனக்கு ஒரு வருஷம் இளையவள், வேலையில் மூத்தவள். மலேசியாவிலிருந்து வரும் சாவுச் செய்தி, பம்பாயிலிருந்து வரும் சண்டை, கல்யாணம் நின்றுபோன சேதி எல்லாம் நம் காதைத் தாண்டித்தான் ஊருக்குள் போயிற்று. நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே நீ கண்டித்துச் சொன்னாய், "மைமூன், இங்குட்டு கேட்டது எதுவும் வாசல் தாண்டக் கூடாது." நான் தாண்டவிட்டதில்லை. அதை ஒரு பெருமையாகவே நினைத்து வாழ்ந்தேன்.

உன் வீட்டுக்காரர் இறந்தபோது உன் மகள் கயல் எட்டாம் வகுப்பு. என் வீட்டுக்கும் உன் வீட்டுக்கும் நடுவே செக்காலைப் பகுதியில் ஒரே ஒரு தெருதான் என்பதால் அவள் பாதி நாள் என் வீட்டில்தான் சாப்பிட்டாள். பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். படித்தாள், செந்திலைக் கட்டிக்கொண்டாள், கனடா போனாள். டொரண்டோவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுவாள். பேச்சு முடிகையில் உன்னிடமிருந்து ஃபோனை வாங்கி என்னிடமும் நாலு வார்த்தை. அப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஆறாம் மாதத்தில் அவளுடைய பிள்ளை வயிற்றிலேயே இறந்தது. அங்கே கடும் பனிக்காலம். நீ கிளம்ப வழியில்லை, விசா இல்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பேசுவது குறைந்தது. "சாப்டீகளா, சரி, வச்சிரட்டுமா" என்று முடித்துவிடுவாள்.

அந்தப் பெண்தான் கோடைக்கு முன்னால் ஒருநாள் தானாகக் கூப்பிட்டாள். "அம்மா, நீங்களும் பெரியம்மாவும் வாங்க. ரெண்டு பேருக்கும் விசாவுக்கு நான் லெட்டர் அனுப்புறேன். ஊரையெல்லாம் சுத்திக் காட்டுறேன்." அவள் குரல் எழும்பியிருந்ததைக் கேட்டு நீ அன்றைக்கே அரியக்குடிப் பெருமாளுக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வந்தாய். சென்னைக்குப் போய் விரல்ரேகை கொடுத்தோம். விசா வந்தது. டிக்கெட்டும் வந்தது. அதற்கடுத்த வாரம்தான் உன் வயிற்று வலிக்கு மதுரை போனோம்.

அந்த டாக்டர் சின்னப் பெண். சுற்றி வளைக்காமல் சொன்னார். சினைப்பையில் ஆரம்பித்து ஈரல் வரை பரவியிருக்கிறது, உடனே ஊசி மருந்து ஆரம்பிக்க வேண்டும், ஆரம்பித்தாலும் சில மாதங்கள்தான் தள்ளிப்போடலாம் என்றார். நீ தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாய். "வெளிநாடு போக டிக்கெட் எடுத்திருக்கோம். போயிட்டு வந்து ஆரம்பிக்கலாமா?" என்றாய். அவர் உன்னைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

திரும்பும் பஸ் திருப்பத்தூர் தாண்டியது. நீ சன்னலைப் பார்த்தபடியே சொன்னாய்.

"கயலுக்கு இப்பச் சொல்ல வேணாம்."

"பின்ன எப்ப?"

"அங்குட்டுப் போய் நேர்ல சொல்றேன். ஃபோன்ல சொல்ற விசயமாடி இது?"

"மருந்த ஆரம்பிக்கச் சொல்றாங்களே."

"ஒரு மாசந்தானே. புள்ளயப் பறிகுடுத்துட்டு இப்பத்தேன் தலய நிமித்துறா. எங்கெங்க கூட்டிட்டுப் போறதுன்னு லிஸ்ட்டுப் போட்டு வச்சிருக்கா. அத அவ கையாலக் கிழிக்கச் சொல்லுறியா? பாத்து முடிச்சுட்டு, கெளம்பறதுக்கு முன்ன நானே சொல்லிருவேன். அதுவரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

"சத்தியமெல்லாம் எங்கிட்டக் கேக்காத. சொல்ல மாட்டேன், அம்புட்டுத்தேன்."

இந்த ஒரு வார்த்தைக்காக என்னை நான் எத்தனை தடவை ஏசியிருப்பேன் என்று உனக்குத் தெரியாது.

கயல் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் அந்த லிஸ்ட் ஒட்டியிருந்தது. நயாகரா, டொரண்டோ கோபுரம், தீவு, பான்ஃப் மலை, லூயிஸ் ஏரி, பனியாறு. எல்லாவற்றுக்கும் கீழே, வேறு நிறப் பேனாவில், "வடக்கு வெளிச்சம் – அடுத்த வருஷம் குளிர்காலம்". வானத்தில் பச்சையாக ஒளி ஆடுமாம், அதற்கு இன்னும் வடக்கே போக வேண்டுமாம். "இந்தத் தடவ வேணாம், அடுத்த தடவைக்கு ஒண்ணு மிச்சம் இருக்கட்டும்" என்றாள். நீ அதைப் படித்துவிட்டு, "ஆமா, இருக்கட்டும்" என்றாய். உன் வலி மாத்திரைகளைச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை டப்பாவில் கொட்டி வைத்திருந்தாய். தினமும் மூன்று வேளை அவள் முன்னாலேயே விழுங்கினாய். "எலும்புக்கு" என்றாய். அவள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

போய்ச் சேர்ந்த நாலாம் நாள் நயாகரா. அருவியைத் தனியே எங்கோ காட்டுக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டு போனோம். ஊர்த்தெருவைப் பார்த்ததும் உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராட்டினம், பேய் வீடு, மெழுகு பொம்மைக் கூடம், பஞ்சு மிட்டாய். "திருவிழாக் கடையப் போட்டுட்டு சாமிய மறந்துட்டாகளா?" என்றாய். அப்புறம் கம்பி வேலியோரம் போனோம். அருவியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாய். அவ்வளவு தண்ணீரும் ஒரே வளைவாக, அவசரமே இல்லாததுபோல விளிம்பில் வந்து மடிந்தது. பச்சையாக மடிந்து வெள்ளையாக விழுந்தது. வெயில் காலத்தில் இரண்டு குடத்துக்கு லாரியை எதிர்பார்த்து நின்றவர்கள் நாம். எனக்கு அதைப் பார்த்துச் சந்தோஷத்தைவிட ஒரு பயம்தான் வந்தது.

படகில் நீ நடுவில், ஒரு பக்கம் கயல், ஒரு பக்கம் நான். செந்தில் ஃபோனைக் கண்ணாடிப் பைக்குள் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எதிரே நின்று படம் பிடித்தான். வளைவுக்குள் படகு நுழைந்தபோது வானம், கரை, மனிதர் எதுவும் தெரியவில்லை. இரைச்சலும் சாரலும்தான். கயல் குல்லாவைத் தள்ளிவிட்டு முகத்தைக் காட்டி நனைந்தாள். அவள் வாய்விட்டுச் சிரிப்பதை எவ்வளவு நாள் கழித்துப் பார்த்தோம்! அப்போதுதான் நீ அவள் பக்கம் திரும்பிக் கத்தினாய்.

"கயலு! எனக்குக் கேன்சருடி! ஈரல் வரைக்கும் வந்திருச்சுடி!"

உன் தோளோடு ஒட்டி நின்றதால் எனக்குக் கேட்டது. கம்பியை இறுக்கிப் பிடித்தேன்.

"என்னம்மா? கேக்கல! சத்தமாச் சொல்லுங்க!"

நீ அவளைப் பார்த்தாய். நனைந்து, கண் மின்ன, உன் வாயருகே காதைக் கொண்டுவந்து நின்றாள்.

"நல்லா இருக்குன்னேன்டி!" என்று கத்தினாய்.

அவளுக்குக் கேட்க வேண்டும் என்று கத்தினாயா, கேட்காது என்று தெரிந்துதான் கத்தினாயா? அன்றைக்கு மாலை கேட்டேன். "வாய்ல வந்துச்சு, கொட்டிட்டேன்" என்று மட்டும் சொன்னாய். இன்றுவரை எனக்கு அதற்கு விடை தெரியாது.

கோபுரத்துக்குப் போன அன்றுதான் என் பங்குக்கு நான் பாவம் செய்தது. லிஃப்ட் ஏறும்போதே காது அடைத்தது. மேலே ஓரிடத்தில் தரை முழுக்கக் கண்ணாடி. கீழே கார்கள் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஊர்ந்தன. நான் சுவரை விட்டு நகரவில்லை. நீ செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கண்ணாடியின் நடுவில் போய் நின்று கீழே பார்த்துக்கொண்டே இருந்தாய். ஒரு வெள்ளைக்காரக் குழந்தை உன் சேலை முந்தானையைத் தொட்டுப் பார்த்தது. கயல் என் அருகே வந்து நின்றாள். உன்னையே பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள்.

"பெரியம்மா, அம்மா ஏன் இப்புடி மெலிஞ்சு போயிருக்காக? எங்கிட்ட எதையாச்சும் மறைக்கிறீகளா?"

இதைவிட நேராக ஒருத்தி கேட்க முடியாது. சொல்லியிருக்கலாம். "ஆமாம்" என்ற ஒரு வார்த்தை போதும். நான் சிரித்தேன். "பல்லு வலிடி அவளுக்கு. மெல்ல முடியல. ஒங்கிட்டச் சொன்னா செலவு வைக்கிறோம்னு நெனக்கிறா" என்றேன். எங்கிருந்து வந்தது அந்தப் பல், அவ்வளவு சரளமாக!

கயல் அதை விட்டுவிடவில்லை. மறுநாள் படகேறித் தீவுக்குப் போவதாக இருந்தது. அதை அடித்துவிட்டு உன்னைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அரை நாள் அங்கே போயிற்று. படமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, இந்த வயதில் இவ்வளவு கெட்டியான பற்களைப் பார்த்ததில்லை என்று அவர் சொன்னாராம். காரில் வரும்போது நீ என் கையைக் கிள்ளிக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தாய். முன்சீட்டில் கயல், "அப்பறம் ஏன்மா வலிக்குது?" என்று கவலையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். நான் சிரிக்கவில்லை.

பிறகு மேற்கே பறந்தோம். கால்கரியில் இறங்கிக் காரில் மலைக்குப் போனோம். பான்ஃப் சின்ன ஊர்தான். எந்தத் தெருவில் நின்றாலும் அதன் முடிவில் ஒரு மலை நின்றது. லூயிஸ் ஏரிக்கரையில் நீ சொன்னாய், "இந்தக் கலர்ல சேல எடுத்தா, சாயம் போயிரும்னு கடைக்காரனே சொல்லிருவான்." மயில்கழுத்துமில்லை, பச்சையுமில்லை. மேலே பனி உருகும்போது பாறை மாவாகி வந்து கலப்பதால் அந்த நிறம் என்று செந்தில் விளக்கினான். நீ என் காதில், "இங்க வச்சுச் சொல்லிர்றேன். அந்தப் பயலக் கூட்டிக்கிட்டுக் காப்பி வாங்கப் போ" என்றாய்.

போனேன். காப்பிக்கடை வரிசையில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். தண்ணீரோரம் ஒரு பெஞ்சில் நீங்கள் இருவரும். கயல் உன் தோளில் சாய்ந்தாள். உன் கை அவள் தலையில் போயிற்று. சொல்லிவிட்டாய் என்று நினைத்து எனக்குப் பெரிய நிம்மதி. திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது, முகம் தெளிவாக இருந்தது. உன் முகம்தான் இருண்டிருந்தது. நீ வாயைத் திறக்கும் முன்னே அவள் ஆரம்பித்துவிட்டாளாம். போன பிள்ளையைப் பற்றி. பெண்பிள்ளை என்பதும், அதற்கு உன் பெயரை வைத்திருந்தாள் என்பதும் அன்றைக்குத்தான் உனக்கே தெரியும்.

"இப்பத்தேன் எறக்கி வச்சா மைமூன்," என்றாய் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால், அறையில். "அவ எறக்கி வச்ச எடத்துலயே நான் இன்னொண்ணத் தூக்கி வைக்கவா?"

சாப்பாட்டுக்கு நேரமாகிறது என்று உன் செருப்பை எடுத்து வைத்தேன்.

மறுநாள் பனியாறு. மலை இடுக்கிலிருந்து உறைந்த ஆறு ஒன்று நாக்கை நீட்டிக்கொண்டு கிடந்தது. காரை நிறுத்திவிட்டு அதன் நுனி வரைக்கும் சரளைக்கல் பாதையில் ஏற வேண்டும். வழியெங்கும் சின்னச் சின்னப் பலகைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வருஷம். அந்த வருஷத்தில் பனி அதுவரைக்கும் இருந்ததாம். பலகையைத் தாண்டித் தாண்டிப் போகிறோம், பனி இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது. உனக்கு மூச்சு வாங்கியது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாய். "வாங்கம்மா, இன்னும் கொஞ்சந்தேன், இம்புட்டுத் தூரம் வந்துட்டுப் பாக்காமப் போறதா" என்று கயல் உன் கையைப் பிடித்து இழுத்தாள். விளையாட்டாகத்தான் இழுத்தாள். நீயும் போனாய். ஒரு பலகையில் அவள் பிறந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் போட்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

"நீ கைப்புள்ளயா இருக்கையில இது வரைக்கும் வந்திருக்கு. இப்ப எங்க கெடக்கு பாரு."

"அடுத்த வருசம் இன்னும் உள்ள போயிரும்மா. அதுக்குள்ள நம்ம இன்னொரு தடவ வந்துருவோம்ல?"

"வருவோம்," என்றாய்.

பனிக்காற்று முகத்தில் அடித்தது நல்லதாகப் போயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டதற்கு யாரும் காரணம் கேட்கவில்லை.

கிளம்பும் நாள் விமான நிலையத்தில், இதற்குமேல் அவர்கள் வரக்கூடாது என்ற கதவுக்கு முன்னால், நீ அவளைக் கட்டிப்பிடித்தாய். நான் நாலடி தள்ளி நின்று காத்திருந்தேன். அவள் காதில் ஏதோ சொன்னாய். அவள் தலையாட்டினாள். விமானத்தில் உட்கார்ந்ததும் கேட்டேன். "ரெண்டாவது ஊறுகா பாட்டில ஃப்ரிட்ஜுல வையின்னு சொன்னேன்," என்றாய். அப்போதுதான் உன்னை முதன்முதலாகத் திட்டினேன். "இது பாசமில்லடி, அந்தப் புள்ளைக்குச் செய்யிற அநியாயம்." நீ பெல்ட்டை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாய். "ஊருக்குப் போய்ச் சொல்றேன்."

ஊருக்கு வந்தும் சொல்லவில்லை. மதுரையில் இரண்டு தடவை மருந்து ஏற்றினார்கள். உடம்பு தாங்கவில்லை, நிறுத்திவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கயல் வருவதற்கு முன்னால் நீ சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருவாய், வெளிச்சத்தில் முகம் இருட்டாகத் தெரியட்டும் என்று. கொட்டிய முடி தெரியாமல் முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்வாய். "குளிருதுடி, இங்க மழ" என்பாய். ஃபோனைப் பிடித்துக்கொண்டிருந்தது யார்? நான்தான். கை ஆடாமல் பிடித்தேன்.

கார்த்திகை பிறந்ததும் கண் மஞ்சளாயிற்று. இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், மகளை வரச்சொல்லுங்கள் என்று டாக்டர் சீட்டில் எழுதியே கொடுத்துவிட்டார். அன்றைக்கு நீ இன்னும் பேசிக்கொண்டிருந்தாய். கஞ்சி குடித்தாய். என்னைப் பார்த்து, "சொல்ல மாட்டேன்னு சொல்லியிருக்க" என்றாய். நான் ஃபோனை எடுப்பேன், வைப்பேன். இப்படி ஒன்பது நாள். பத்தாம் நாள் காலை நீ கண்ணைத் திறக்கவில்லை. அப்போதுதான் மாடிக்குப் போய்க் கயலைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வாரேன்" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து வந்து உன் தலைமாட்டில் உட்கார்ந்து, "அம்மா, கயலு வந்துட்டேன்" என்றாள். உன் சுண்டுவிரல் அசைந்ததாக நான் பார்த்தேன். அசையவில்லை என்கிறாள் அவள். மறுநாள் மதியம் நீ போய்விட்டாய்.

காரியமெல்லாம் ஆன பிறகு, உன் சேலைகளை மடித்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"எப்பலருந்து உங்களுக்குத் தெரியும்?"

"டிக்கெட் வந்தப்பவே."

"அப்ப அந்தப் பல்லு?"

"பொய்."

மடிப்பதை நிறுத்தினாள். "அந்த ஐஸ் மலையில அவகள நான் இழுத்துக்கிட்டுப் போனேனே பெரியம்மா. வலியோட இழுத்துக்கிட்டுப் போனேனே. நீங்க பாத்துக்கிட்டுத்தானே வந்தீக?"

வேறெதுவும் கேட்கவில்லை. கிளம்பும்போது என் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொள்ளவும் இல்லை. ரயிலடிக்குப் போகும் அவள் ஆட்டோ என் தெருவைக் கடந்து போனதைச் சன்னலிலிருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு ஒரு வருஷம் நான் வாட்ஸப்பில் அனுப்பிய எதற்கும் பதில் இல்லை. பார்த்துவிட்டாள் என்பதற்கு இரண்டு நீலக் கோடு மட்டும் விழும். உன்மேல் அப்போது எனக்கு வந்த கோபத்தை நான் மறைக்க மாட்டேன். நீ உன் மகளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அவளை என்னிடமிருந்தும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாய்.

முதல் வருஷத் திதிக்கு வந்தாள். சாப்பிட்டு எல்லோரும் போனபிறகு என்னைத் தேடி வந்து எதிரே உட்கார்ந்தாள். மெலிந்திருந்தாள். "ஒரு தடவகூட எங்கிட்டச் சொல்லணும்னு அவகளுக்குத் தோணலயா பெரியம்மா?" என்றாள். படகில் நடந்ததை அதுவரை நான் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் உடைந்துவிடுவாளோ என்ற பயம். அன்றைக்குச் சொன்னேன். நீ கத்தியதை, அவள் கேட்டதை, நீ மாற்றிச் சொன்னதை, ஒரு வார்த்தை விடாமல்.

அவள் ஃபோனை எடுத்துச் செந்தில் பிடித்த அந்தப் படத்தை ஓடவிட்டாள். இரைச்சல், வெள்ளைச் சாரல், மூன்று சிவப்புக் கோட்டு. நடுவில் உன் வாய் திறந்து மூடுகிறது. ஒரு சொல் கேட்கவில்லை. "இத எத்தன தடவ பாத்திருப்பேன்," என்றாள். "ரெண்டு தடவையும் நல்லா இருக்குன்னுதேன் சொல்றாகன்னு நெனச்சேன்." மறுபடி ஓடவிட்டாள். உன் உதட்டைப் பார்த்துப் பார்த்து, எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைபோல அவளே அந்தச் சொற்களை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு என் மடியில் தலையை வைத்து அழுதாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள்.

முந்தாநாள் ஞாயிறில்லை, ஆனாலும் கூப்பிட்டாள். அங்கே காலை. குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"பெரியம்மா, மூணாவது மாசம் நடக்குது. நாளன்னைக்கு ஸ்கேன்."

"அல்லா" என்றேன். "யாரு கூட வாரா?"

"யாருமில்ல. அவர்கிட்ட இன்னும் சொல்லல. போன தடவ அவர் பட்டத நான் பாத்துட்டேன் பெரியம்மா. நானே போயிட்டு வாரேன். நெஞ்சுத்துடிப்புக் கேட்டா அப்பறம் சொல்லிக்கிறேன். இல்லாட்டி அவருக்குத் தெரியவே வேணாம். நீங்களும் சொல்லிறாதீக."

நீயேதான் பேசுகிறாய் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன்.

"மாட்டேன்," என்றேன். "இத நான் வச்சுக்க மாட்டேன் கயலு. செந்திலு எங்க?"

"பக்கத்து ரூம்ல. பெரியம்மா, கேளுங்க..."

"நீ போய் இப்பச் சொல்லு. இல்ல, ஃபோன அவங்கிட்டக் குடு. இந்த ஃபோன நீ வச்சேன்னா நான் அவனுக்கு ஃபோன் அடிப்பேன்."

கோபத்தில் அவள் மூச்சு கேட்டது. பிறகு நடக்கும் சத்தம், கதவு. "உக்காருங்க, ஒண்ணு சொல்லணும்" என்றாள். சொன்னாள். நாற்காலி ஒன்று நகர்ந்தது. செந்தில் அழுதானா சிரித்தானா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் திரும்பி வந்து, "லைன்ல இருக்கீகளா? பயமா இருக்கு பெரியம்மா" என்றாள்.

"எனக்கும்தேன்," என்றேன். பிறகு, அவளை அப்படி அதட்டிவிட்டு நான் மட்டும் ஒளித்து வைத்திருப்பது நியாயமில்லை என்று பட்டது. "கயலு, நானும் ஒண்ணு சொல்லணும். ஒன்ன வரச்சொல்லி டாக்டர் சொன்னதும் நான் கூப்புடல. ஒம்பது நாள் கழிச்சுத்தேன் கூப்புட்டேன். அன்னைக்கே கூப்புட்டிருந்தா ஒங்கூடப் பேசியிருப்பா."

அந்தப் பக்கம் கதவு மூடும் சத்தம் கேட்டது.

"தெரியும் பெரியம்மா," என்றாள். "டாக்டர் சீட்டுல தேதி இருந்துச்சு. சேல மடிக்கையில பாத்தேன். நீங்களாச் சொல்லுவீகளான்னுதேன் இருந்தேன்."

மன்னித்தேன் என்று இப்போதும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "ஸ்கேன் முடிஞ்சதும் ஒங்களுக்குத்தேன் மொதல்ல கூப்புடுவேன்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஒன்பது நாளை நான் இன்னும் சுமக்கிறேன். அவளிடம் சொன்னதால் அது இறங்கிவிடவில்லை. நீ எனக்கு விட்டுப்போனவற்றில் அதுதான் கனம். கனம் என்று உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஸ்கேன் இன்றைக்கு. செந்திலும் கூடப் போகிறான். அங்கே இன்னும் விடியவில்லை. இங்கே மழை கொஞ்சம் விட்டிருக்கிறது. ஃபோனை முழுக்கச் சார்ஜ் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நல்லதோ கெட்டதோ, மணி அடித்தால் முதல் அடியிலேயே எடுத்துவிடுவேன்.